அமெரிக்க உள்நாட்டுப் போர் எதற்காக நடந்தது? எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது?

ரிச்மண்ட் வள்ளி

எல்லோருக்கும் வணக்கம். வர்ஜீனியாவில் ரிச்மண்ட் நகரத்துக்கு நாங்கள் வந்து பதினைந்து வருடம் ஆகிறது. பெண் இங்கேயே பிறந்தவள். எட்டாம் வகுப்பு. "உள்நாட்டுப் போருக்குக் காரணம் என்ன, அது விட்டுப்போனது என்ன" என்று பள்ளியில் ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டில் ஒரு தாத்தா இருக்கிறார். வெயில் காலத்தில் தோட்டத்துத் தக்காளியை வாசலில் வைத்துவிட்டுப் போவார், அவ்வளவு நல்ல மனிதர். என் பெண் அவரிடம் கேட்டிருக்கிறாள். "மாநில உரிமைக்காகவும் வரிக்காகவும் நடந்த போர் அது, அடிமை விஷயம் பிற்பாடு சேர்த்தது" என்று சொல்லியிருக்கிறார். அவளோடு படிக்கும் கறுப்பினப் பெண்ணின் பாட்டி இதற்கு நேர்மாறாகச் சொல்லியிருக்கிறார். ராத்திரி சாப்பிடும்போது என்னிடம் கேட்டாள்: "1865லயே முடிஞ்ச சண்டைக்கு ஏம்மா இன்னும் ரெண்டு பதில் இருக்கு?"

எனக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. 2021 செப்டம்பரில் இங்கே மான்யுமென்ட் அவென்யூவில் இருந்த, போரில் தெற்குப் படையின் தளபதியான ராபர்ட் லீயின் சிலையை இறக்கியபோது அவளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். ஒன்பது வயது அவளுக்கு. 12 டன் வெண்கலம். கிரேன் தூக்கிக் கீழே வைத்ததும், லாரியில் ஏற்றுவதற்காக இடுப்போடு ரம்பத்தால் அறுத்தார்கள். கூட்டத்தில் சிலர் ஆடினார்கள், சிலர் அழுதார்கள். அன்றும் "ஏன் அழறாங்க?" என்றுதான் கேட்டாள். இங்கே வரலாறு தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். கொஞ்சம் சொல்லுங்கள்.

செந்தில் டல்லாஸ்

அக்கா, அந்தத் தாத்தா சொன்னதை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். நான் டெக்சஸில் இருக்கிறேன், இங்கேயும் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். அதில் ஒரு நியாயம் இருப்பதாகவே எனக்கும் படுகிறது. வடக்கே தொழிற்சாலை, தெற்கே விவசாயம். இறக்குமதி வரியைக் கூட்டினால் வடக்கு முதலாளிக்கு லாபம், தெற்கு விவசாயிக்கு நஷ்டம். 1832இலேயே வரிச் சண்டையில் தென் கரோலினா பிரியும் அளவுக்குப் போனது. மத்திய அரசு எவ்வளவு தூரம் தலையிடலாம் என்பது அந்த நாடு பிறந்த நாளிலிருந்தே இருக்கும் தகராறு. மாநில உரிமை பற்றி நம் ஊரில் நாமும் பேசுகிறோமே, அந்தக் கண்ணோடு இதையும் பார்க்கலாம்.

பழைய வாத்தியார்

தம்பி செந்தில், நான் முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவன். மாணவர்களுக்கு எப்போதும் ஒன்று சொல்வேன். சண்டை போட்டவன் சண்டைக்கு முன்னால் என்ன எழுதினான் என்று முதலில் பார். தோற்ற பிறகு எழுதியதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்றியத்தை, அதாவது அமெரிக்க நாட்டை விட்டுப் பிரிந்துபோய்க் கூட்டமைப்பு என்று தனி அரசு அமைத்த தெற்கு மாநிலங்களில் சில, ஏன் போகிறோம் என்று தாங்களே அறிக்கை எழுதி வைத்திருக்கின்றன. மிசிசிப்பியின் அறிக்கை தொடங்கிய உடனே சொல்வது இது: "எங்கள் நிலைப்பாடு அடிமை முறையோடு முழுக்க ஒன்றிப்போனது, உலகத்திலேயே மிகப் பெரிய பொருளாதார நலன் அது." நீங்கள் இருக்கும் டெக்சஸ் 1861 பிப்ரவரியில் எழுதியதை ஒருமுறை படியுங்கள். ஆப்பிரிக்க இனம் தாழ்ந்தது, அண்டிப் பிழைப்பது என்று கூசாமல் எழுதியிருக்கிறார்கள். கூட்டமைப்பின் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் 1861 மார்ச் 21 அன்று சவானா நகரத்தில் பேசினார். கறுப்பர் வெள்ளையருக்குச் சமம் இல்லை என்பதே தங்கள் புதிய அரசின் மூலைக்கல் என்றார். மறைத்துப் பேச வேண்டிய அவசியம் அன்று அவருக்கு இல்லை.

வரி விஷயம். 1857இல் போட்ட வரி அந்த நூற்றாண்டின் மிகக் குறைந்த வரிகளில் ஒன்று. தெற்கு உறுப்பினர்களும் ஓட்டுப் போட்டு வந்ததுதான். வரியைக் கூட்டிய மொரில் சட்டம் 1861 மார்ச்சில் நிறைவேறியது. அதற்குள் ஏழு மாநிலங்கள் போய்விட்டன, எதிர்த்து ஓட்டுப் போட வேண்டியவர்கள் அவையிலேயே இல்லை.

மாநில உரிமை என்பதையும் பார்ப்போம். 1850இல் தப்பியோடிய அடிமைகள் சட்டம் வந்தது. பாஸ்டனுக்கோ விஸ்கான்சினுக்கோ தப்பி வந்தவரைப் பிடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். பிடிபட்டவர் தன் தரப்பில் சாட்சி சொல்லக்கூட முடியாது. விசாரிக்கும் கமிஷனர், அவரை எஜமானனிடம் திருப்பி அனுப்பினால் 10 டாலர் வாங்கினார், விடுவித்தால் 5 டாலர். இது மத்திய அரசின் சட்டம், கேட்டு வாங்கியது தெற்கு. செல்லாது என்று விஸ்கான்சின் மாநில நீதிமன்றம் சொன்னபோது, மாநில உரிமையின் பக்கம் நின்றது வடக்குதான். தென் கரோலினாவின் பிரிவு அறிக்கையில் உள்ள முக்கியமான குறையே, வடக்கு மாநிலங்கள் தங்கள் சொந்தச் சட்டத்தைச் சொல்லிக்கொண்டு அடிமைகளைத் திருப்பித் தர மறுக்கின்றன என்பதுதான். அப்படியானால் எதைச் செய்யும் உரிமைக்காகப் போரிட்டார்கள்? அதை உங்கள் பெண் தன் கட்டுரையில் கேட்கட்டும் வள்ளி.

செந்தில் டல்லாஸ்

வாத்தியார் ஐயா, அந்த 10 டாலர், 5 டாலர் கணக்கு எனக்குத் தெரியாது. உண்மையிலேயே தூக்கிவாரிப்போட்டது. டெக்சஸ் அறிக்கையையும் தேடிப் படித்துவிட்டேன். நீங்கள் சொன்னபடிதான் இருக்கிறது.

ஆனால் இன்னொரு பக்கத்தை விட முடியாது. வடக்கு அடிமைகளை விடுவிக்கத்தான் துப்பாக்கி எடுத்ததா? 1862 ஆகஸ்ட் 22 அன்று லிங்கன் பத்திரிகை ஆசிரியர் ஹொரேஸ் கிரீலிக்கு எழுதிய கடிதத்தில், ஒரு அடிமையைக்கூட விடுவிக்காமல் ஒன்றியத்தைக் காப்பாற்ற முடியும் என்றால் அதைச் செய்வேன் என்கிறார். அடிமை முறையில் மத்திய அரசு என்றைக்குமே கை வைக்காது என்று ஒரு சட்டத்திருத்தத்தை 1861 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸே நிறைவேற்றியது. மேரிலாந்து, டெலவேர், கென்டக்கி, மிசூரி ஆகிய நான்கும் அடிமை மாநிலங்களாகவே ஒன்றியத்தில் இருந்தன. நியூயார்க் வங்கிகளும் மாசசூசெட்ஸ் நெசவாலைகளும் அந்தப் பருத்தியில் கொழுத்தவைதானே?

நிலவன்

செந்தில் சொல்லும் தகவல்கள் எல்லாம் சரிதான். ஆனால் இரண்டு கேள்விகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். தெற்கு ஏன் பிரிந்தது என்பது ஒன்று. வடக்கு ஏன் சண்டைக்கு வந்தது என்பது வேறு. பிரிந்தது அடிமை முறையைக் காப்பாற்ற. வடக்கு முதலில் வந்தது நாடு உடையாமல் இருக்க.

அந்தச் சட்டத்திருத்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இருக்கும் இடத்தில் அடிமை முறைக்கு நிரந்தரப் பாதுகாப்பு தருகிறோம் என்று எழுதிக் கொடுத்தும் தெற்கு ஏன் திரும்பி வரவில்லை? மேற்கே புதிதாகச் சேரும் நிலங்களிலும் அது பரவ வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. லிங்கனின் கட்சி அங்கேதான் கோடு போட்டது, இனிமேல் ஒரு அடிகூடப் பரவக் கூடாது என்று. கான்சஸில் அடிமை முறை வேண்டுமா என்று அங்கே குடியேறியவர்களே முடிவு செய்யட்டும் என்று 1854இல் ஒரு சட்டம் வந்து, அடிதடி கொலை வரை போனது. 1857இல் ட்ரெட் ஸ்காட் வழக்கில், கறுப்பர் குடிமகனாக இருக்கவே முடியாது என்றது உச்ச நீதிமன்றம். 1860 தேர்தலில் லிங்கன் 40 சதவீதத்துக்கும் குறைவான ஓட்டு வாங்கி ஜெயித்தார். தெற்கில் பல மாநிலங்களில் அவர் பெயருக்கு ஓட்டுச்சீட்டே கிடையாது. பதவி ஏற்பதற்கு முன்பே ஏழு மாநிலங்கள் கிளம்பிவிட்டன.

கிரீலி கடிதம் பற்றி ஒரு விஷயம். கூட்டமைப்பு மாநிலங்களின் அடிமைகளுக்கு விடுதலை அறிவிக்கும் பிரகடனத்தின் வரைவை லிங்கன் தன் அமைச்சர்களுக்கு வாசித்துக் காட்டியது ஜூலை 22. கடிதம் அதற்கு ஒரு மாதம் கழித்து வந்தது. மேசை இழுப்பறையில் பிரகடனத்தை வைத்துக்கொண்டு, ஊரைத் தயார்படுத்த எழுதிய கடிதம் என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

கரிசல்காட்டான்

நான் கோவில்பட்டிப் பக்கம். மூன்று தலைமுறையாகப் பருத்திக் கமிஷன் வியாபாரம் எங்களுக்கு. இந்தப் போரை எங்கள் கண்ணில் பார்த்தால் அது பருத்தியின் கதை.

கரிசலில் விளையும் நாட்டுப் பருத்தியைக் கையில் எடுத்துப் பாருங்கள், இழை குட்டை, சொரசொரப்பு. அமெரிக்கப் பருத்திக்கு இழை நீளம். ஆனால் பஞ்சு கொட்டையோடு ஒட்டிக்கொண்டு பிரியவே பிரியாது, ஒரு ஆள் நாள் முழுக்க உட்கார்ந்து பிய்த்தாலும் ஒரு கைப்பிடிதான் தேறும். 1793இல் விட்னி என்பவர் பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ஜின் எந்திரத்தைக் கொண்டுவந்தார். கொட்டை எடுக்கும் வேலை சுளுவானது. பறிக்கும் வேலைக்கு எந்திரம் இல்லை. அதற்குக் கை வேண்டும். அந்தக் கைகளை வர்ஜீனியாவில் விலைக்கு வாங்கி மிசிசிப்பிக்கும் அலபாமாவுக்கும் விலங்கு பூட்டி நடத்திக் கூட்டிப்போனார்கள். இப்படி வடகோடித் தெற்கிலிருந்து தென்கோடிக்குப் போனவர்கள் சுமார் பத்து லட்சம் பேர் என்கிறார்கள். வள்ளி அக்கா இருக்கும் ரிச்மண்டில் ஷாக்கோ பாட்டம் என்று ஒரு இடம் உண்டு. அந்த ஆள் வியாபாரத்தில் நியூ ஆர்லியன்ஸுக்கு அடுத்த பெரிய சந்தை அதுதான்.

1860இல் அங்கே அடிமையாக இருந்தவர்கள் கிட்டத்தட்ட 40 லட்சம் பேர். சொத்துக் கணக்கில் அவர்களுடைய "மதிப்பு" 300 கோடி டாலருக்கு மேல். நாட்டில் இருந்த ரயில்பாதைகள், தொழிற்சாலைகள் எல்லாவற்றையும் கூட்டினாலும் அவ்வளவு வராது. இந்த எண்ணைப் பார்த்த பிறகு, சண்டை எதற்கு என்ற கேள்வி எனக்கு எழவில்லை. எந்த முதலாளி அவ்வளவு சொத்தைச் சும்மா விட்டுக்கொடுப்பான்?

போர் வந்ததும் வடக்கின் கப்பற்படை தெற்கின் துறைமுகங்களை அடைத்தது. இங்கிலாந்தில் லங்காஷயர் பகுதி நெசவாலைகளுக்கு அதுவரை முக்கால் பங்குக்கு மேல் பருத்தி அமெரிக்காவிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. ஆலைகள் படுத்தன. பருத்திக்காக இங்கிலாந்து இந்தப் பக்கம் திரும்பியது. பம்பாயில் பணம் கொட்டியது, பங்குச் சந்தை பைத்தியம் பிடித்தது. தூத்துக்குடி வழியாக நம் திருநெல்வேலிப் பருத்தியும் போனது, விலை பல மடங்கு ஏறியது. 1865இல் போர் முடிந்ததும் எல்லாம் தலைகீழ். பம்பாயில் பெரிய பெரிய பேர்கள் திவாலானார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனி 1840லேயே அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களிலிருந்து பருத்தித் தோட்டக்காரர்களை இந்தியாவுக்கு வரவழைத்தது. கோயம்புத்தூரில் ராபர்ட் வைட் என்ற தாவரவியல் அறிஞரின் பொறுப்பில் அமெரிக்கப் பருத்திக்குப் பரிசோதனைப் பண்ணைகள் நடந்தன. அடிமைத் தோட்டம் நடத்தப் பழகியவர்கள் நம் மண்ணில் நின்று, இங்கே ஏன் விளையவில்லை என்று குறிப்பு எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதைப் படித்த நாளிலிருந்து இந்தப் போர் எனக்கு வேறு ஊர்ச் சண்டையாகத் தெரியவில்லை.

நிலவன்

அருமை அண்ணாச்சி. லங்காஷயர் பற்றி ஒரு வரி. வேலை போய்ப் பட்டினி கிடந்தும் மான்செஸ்டர் தொழிலாளிகள் 1862 கடைசி நாளில் கூடி, அடிமை முறையை எதிர்த்து லிங்கனுக்குக் கடிதம் எழுதினார்கள். லிங்கன் பதில் எழுதினார். மான்செஸ்டரில் இன்றும் அவருக்குச் சிலை நிற்கிறது.

மலர்விழி

எனக்கு ஒரு சந்தேகம். தெற்கில் பெரும்பாலான வெள்ளைக்காரர்களிடம் அடிமையே இல்லை என்கிறார்களே. அவர்கள் எதற்காகப் போய்ச் செத்தார்கள்?

பழைய வாத்தியார்

நல்ல கேள்வி அம்மா. கூட்டமைப்பு மாநிலங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு குடும்பத்திடம் அடிமைகள் இருந்தார்கள். மிசிசிப்பி, தென் கரோலினாவில் கிட்டத்தட்ட பாதி. இல்லாதவர்களும் வாடகைக்கு அமர்த்தினார்கள், நாளைக்கு வாங்கலாம் என்று கனவு கண்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, எவ்வளவு ஏழையாக இருந்தாலும் தனக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்ற நினைப்பு. அதன் பலம் என்ன என்று சாதி ஊரில் பிறந்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புனேயில் ஜோதிராவ் புலே 1873இல் தன் நூல் ஒன்றை, கறுப்பர்களை அடிமைத்தனத்திலிருந்து விடுவித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கை ஆக்கினார். அவருக்கு அந்த ஒற்றுமை உடனே விளங்கியிருக்கிறது.

ஆனாலும் அந்த ஏழைகள் நாளாக ஆக முணுமுணுத்தார்கள். 1862 அக்டோபரில் ஒரு சட்டம் வந்தது. இருபது அடிமைகள் உள்ள தோட்டத்தில் ஒரு வெள்ளை ஆண் பட்டாளத்துக்குப் போகாமல் இருக்கலாம். "பணக்காரன் மூட்டிய போர், ஏழை போடும் சண்டை" என்று ஊரே பேசியது. 1863 ஏப்ரலில் இதே ரிச்மண்டில் பெண்கள் ரொட்டி கேட்டுக் கடைகளை உடைத்தார்கள். கூட்டமைப்பின் அதிபர் ஜெபர்சன் டேவிஸே தெருவுக்கு வந்து, கலையாவிட்டால் சுடுவோம் என்று மிரட்ட வேண்டியிருந்தது.

ரிச்மண்ட் வள்ளி

நான் தினமும் காரில் போகும் தெருக்கள் இவை ஐயா. ரொட்டிக் கலவரம் பற்றி இத்தனை வருடத்தில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இங்கே ரிச்மண்டில் உள்ள ஹாலிவுட் கல்லறையில் கூட்டமைப்பு வீரர்களுக்கு 90 அடிக்குக் கல்லில் ஒரு பிரமிடு கட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே புதைத்தவர்கள் 18,000 பேர். அதைப் பார்த்தபோது மனசு கனத்தது. அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே.

நிலவன்

ஆமாம் வள்ளி. மொத்தச் சாவு 6,20,000 என்று நெடுநாள் சொல்லி வந்தார்கள். மக்கள்தொகைக் கணக்கை வைத்து 2011இல் செய்த ஆய்வு 7,50,000 வரை இருக்கும் என்கிறது. குண்டில் செத்தவர்களைவிட வயிற்றுப்போக்கிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள்தான் அதிகம்.

மதுரை முத்து

லிங்கன் விடுவித்தார், வடக்கு விடுவித்தது என்றே போகிறது பேச்சு. அடிமையாக இருந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டா இருந்தார்கள்?

ராபர்ட் ஸ்மால்ஸ் கதையை உங்கள் பெண்ணுக்குச் சொல்லுங்கள் அக்கா. சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் பிளாண்டர் என்ற கப்பலை ஓட்டிய அடிமை. 23 வயது. 1862 மே 13 விடிவதற்கு முன், வெள்ளை அதிகாரிகள் கரையில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஸ்மால்ஸ் கேப்டனின் வைக்கோல் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். வழியில் ஒரு இடத்தில் மனைவி மக்களையும் மற்றக் குடும்பங்களையும் ஏற்றிக்கொண்டார். ஒவ்வொரு கோட்டையைத் தாண்டும்போதும் எந்த விசில் எப்படி ஊத வேண்டும் என்று அவருக்குத் தெரியும். சம்டர் கோட்டைக்குக் கீழே, கேப்டன் நிற்கும் தோரணையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றபடியே கடந்தார். பீரங்கி எட்டாத தூரம் போனதும் தெற்குக் கொடியை இறக்கிவிட்டு ஒரு வெள்ளைத் துணியை ஏற்றினார்கள். கப்பல் வடக்கின் கையில், 16 பேருக்கு விடுதலை. போருக்குப் பிறகு, தான் அடிமையாக வளர்ந்த அதே எஜமானனின் வீட்டை வாங்கிக் குடியேறினார். நாடாளுமன்றத்துக்கும் போனார்.

இவர் ஒருவர் மட்டும் இல்லை. வடக்குப் படை பக்கத்து ஊருக்கு வந்தது என்று கேள்விப்பட்டதுமே மூட்டையைக் கட்டிக்கொண்டு ஆயிரக்கணக்கில் கிளம்பினார்கள். அவர்களை என்ன செய்வது என்று தெரியாமல் தளபதிகள் முழித்தார்கள். அந்த நெருக்கடிதான் லிங்கனையே தள்ளியது. கடைசியில் சுமார் 1,80,000 கறுப்பின வீரர்கள் ஒன்றியத்துக்காக ஆயுதம் ஏந்தினார்கள்.

யாழ் மகள்

நான் டொரன்டோவில் இருக்கிறேன். இந்த இழையை ஆரம்பத்திலிருந்து வாசித்து வருகிறேன். போர் விட்டுப்போனது என்ன என்று பிள்ளை கேட்டதற்கு எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது.

விடுதலை கிடைத்ததும் அந்த மக்கள் முதலில் செய்தது தேடியது. விற்கப்பட்ட தாயை, பிரிக்கப்பட்ட பிள்ளையை, பெயர் மாற்றப்பட்ட தமையனைத் தேடினார்கள். பத்திரிகைகளில் விளம்பரம் போட்டார்கள். நியூ ஆர்லியன்ஸில் ஒரு தேவாலயப் பத்திரிகை இதற்கென்றே ஒரு பத்தி வைத்திருந்தது. சந்தா கட்டாதவர்களுக்கு ஒரு விளம்பரம் 50 சென்ட். ஆசிரியர் அதை ஞாயிற்றுக்கிழமை எல்லா ஊர்ப் பிரசங்க மேடையிலும் வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். என் அம்மா இன்னார், எங்களை இன்னார் இன்னாருக்கு விற்றார், கடைசியாகப் பார்த்தபோது எனக்கு இத்தனை வயது, நான் இப்போது இந்த ஊரில் இருக்கிறேன். அவ்வளவுதான் ஒவ்வொன்றும். 1900 தாண்டியும் இந்த விளம்பரங்கள் வந்திருக்கின்றன. போர் முடிந்து முப்பத்தைந்து வருடம் கழித்தும் ஒரு கிழவி தன் தாயைத் தேடுகிறாள்.

அவை இப்போது இணையத்தில் படமாகவே கிடைக்கின்றன. நான் ஒரு நாள் நாலைந்து வாசித்துவிட்டு மூடிவிட்டேன். பிள்ளையின் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தெருவோரத்தில் இருக்கும் தாய்மாரை எங்கள் ஊரில் பார்த்து வந்தவள் நான். அதற்கு மேல் வாசிக்க முடியவில்லை.

ரிச்மண்ட் வள்ளி

தங்கச்சி, இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நன்றி.

கரிசல்காட்டான்

யாழ் மகள் சொன்னதற்குப் பிறகு பேசவே தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் நிலத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது.

1865 ஜனவரியில் சவானாவில் வடக்குத் தளபதி ஷெர்மன் கறுப்பினப் பாதிரிமார் இருபது பேரைக் கூப்பிட்டு, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். அவர்கள் சார்பில் பேசியவர் காரிசன் ஃப்ரேசியர், 67 வயது. "எங்களை நாங்களே பார்த்துக்கொள்ள நல்ல வழி, நிலம் கிடைத்து அதை எங்கள் உழைப்பால் உழுது பயிரிடுவதுதான்" என்றார். நான்கு நாளில் ஷெர்மன் உத்தரவு போட்டார், கடலோரத்தில் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை. சுமார் 40,000 பேர் போய்க் குடியேறினார்கள். ஏப்ரலில் லிங்கனைச் சுட்டுக் கொன்றார்கள். அடுத்து வந்த ஆண்ட்ரூ ஜான்சன் பழைய முதலாளிகளுக்கு மன்னிப்புக் கொடுத்து நிலத்தையும் திருப்பிக் கொடுத்தார். விதைத்தவர்களை இறக்கிவிட்டார்கள்.

அப்புறம் என்ன நடந்தது என்று நம் ஊர்க்காரர்களுக்கு ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: வாரம். நிலம் அவனுடையது, உழைப்பு இவனுடையது, விளைச்சலில் பங்கு. விதைக்கும் சோற்றுக்கும் முதலாளியின் கடையிலேயே கடன், வட்டி அவன் சொன்னது. பருத்தி எடுத்து எடை போட்டு முடித்ததும் கணக்கு நோட்டை விரிப்பான். இந்த வருடமும் நீதான் எனக்குத் தர வேண்டும் என்பான். படிக்கத் தெரியாதவன் எப்படி எதிர்த்துக் கேட்பான்? களத்திலேயே எல்லாவற்றையும் அளந்துகொண்டு வெறுங்கையோடு அனுப்பும் பண்ணையார் கதையை எங்கள் அப்பத்தா சொல்லும். அதே கதை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1862 ஏப்ரலில் வாஷிங்டன் நகரத்தில் மட்டும் முதலில் விடுதலை கொடுத்தபோது நஷ்டஈடு கொடுத்தார்கள், ஆளுக்கு 300 டாலர் வரை. வாங்கியவன் எஜமானன். முதுகு ஒடிய உழைத்தவனுக்கு, நாட்டை விட்டே போகச் சம்மதித்தால் 100 டாலர் வரை தருவோம் என்றார்கள்.

பழைய வாத்தியார்

சரியாகச் சொன்னீர்கள். நிலம் இல்லாவிட்டாலும் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓட்டு இருந்தது. மிசிசிப்பியிலிருந்து ஹைரம் ரெவல்ஸ் என்ற கறுப்பினத்தவர் 1870இல் செனட்டில் போய் உட்கார்ந்தார். பள்ளிக்கூடங்கள் வந்தன. அதைக் கத்தியாலும் துப்பாக்கியாலும் உடைத்தார்கள். 1873இல் லூசியானாவின் கோல்ஃபாக்ஸ் ஊரில் நீதிமன்றத்தைக் காத்து நின்ற கறுப்பின மக்களைச் சரணடைந்த பிறகும் கொன்றார்கள். 1877இல் அதிபர் தேர்தல் தகராறில் ஒரு பேரம் நடந்தது, அதோடு வடக்கு தெற்கின் கறுப்பின மக்களைக் கைகழுவியது. லூசியானாவில் 1896இல் சுமார் 1,30,000 கறுப்பின வாக்காளர்கள் பட்டியலில் இருந்தார்கள். 1904இல் 1,342 பேர். இந்த இரண்டு எண்களையும் கட்டுரையில் போடச் சொல்லுங்கள் வள்ளி.

பெண் கேட்டாளே, ஏன் இரண்டு பதில் என்று. தோற்றவர்கள் கதையை மாற்றி எழுதினார்கள், வென்றவர்கள் அலுப்பில் விட்டுவிட்டார்கள். மூலைக்கல் என்று பேசிய அதே ஸ்டீபன்ஸ் போருக்குப் பிறகு, அதெல்லாம் அரசியல் சட்டத் தகராறு என்று பெரிய புத்தகமே எழுதினார். கூட்டமைப்பு வீரர்களின் மகளிர் சங்கம் ஒன்று 1894இல் தொடங்கி ஊர் ஊராகச் சிலை வைத்தது. பாடப்புத்தகத்தையும் பிடித்துக்கொண்டது. அவர்களுடைய ஆட்கள் நூலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் ஒரு அளவுகோல் கொடுத்தார்கள். தெற்கு தன் அடிமைகளை வைத்துக்கொள்ளப் போரிட்டது என்று எழுதியிருக்கும் புத்தகத்தைத் தள்ளுங்கள் என்று அதில் இருக்கிறது. உங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தா அப்படிப்பட்ட புத்தகத்தைப் படித்து வளர்ந்திருப்பார். அவர் பொய் சொல்லவில்லை அம்மா. அவருக்குச் சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறார்.

மலர்விழி

நெடுங்காலத்துக்கு முந்தைய கதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உள்நாட்டுப் போர் வீரர் ஒருவரின் மகள் 2020இல் இறக்கும்வரை மாதம் 73 டாலர் 13 சென்ட் ஓய்வூதியம் வாங்கியிருக்கிறார் என்று படித்தேன். கொரோனா வருடம் வரைக்கும்!

செந்தில் டல்லாஸ்

ஐயா, நேற்று இரவு முழுக்க இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். நான் முதலில் எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். வடக்கும் கை சுத்தம் இல்லை என்பதில் இன்னும் உறுதியாக இருக்கிறேன். ஆனால் காரணம் எது என்பதில் எனக்கு இனி சந்தேகம் இல்லை. லிங்கனே 1865 மார்ச்சில் இரண்டாம் முறை பதவி ஏற்றபோது, அடிமை நலன்தான் எப்படியோ போருக்குக் காரணம் என்று எல்லோருக்கும் தெரியும் என்றார். கிரீலி கடிதத்தை எடுத்துக் காட்டிய நான் இதையும் காட்டியிருக்க வேண்டும்.

எங்கள் டெக்சஸில் கால்வெஸ்டன் என்று ஒரு ஊர் இருக்கிறது. 1865 ஜூன் 19 அன்று அங்கேதான், அடிமைகள் எல்லோருக்கும் விடுதலை என்ற வடக்குத் தளபதி கிரேஞ்சரின் உத்தரவு வெளியானது. லிங்கன் பிரகடனம் வந்து இரண்டரை வருடம் கழித்து. டெக்சஸில் சுமார் 2,50,000 பேர் அதுவரை அடிமைகளாகவே வைக்கப்பட்டிருந்தார்கள். அந்த நாளுக்கு ஜூன்டீன்த் என்று எனக்கு அலுவலகத்தில் விடுமுறை தருகிறார்கள். நான் அன்றைக்குத் துணி துவைத்துக்கொண்டிருப்பேன்.

இன்னொன்று. என் பையன் 2019இல் இங்கே பிறந்தான். நான் விசாவில் இருப்பவன், அவன் குடிமகன். அது எப்படி என்று தேடிப் பார்த்தேன். இங்கே பிறந்தவர் இந்நாட்டுக் குடிமகன் என்று 1868இல் வந்த, அரசியல் சட்டத்தின் 14ஆம் திருத்தம். விடுதலை ஆன அடிமைகளின் பிள்ளைகளை யாரும் குடிமகன் இல்லை என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, ட்ரெட் ஸ்காட் தீர்ப்பை அழிக்க எழுதிய வரி அது. 2025 ஜனவரியில் எங்களைப் போன்ற விசாக்காரர்களின் பிள்ளைகளுக்கு இனி அந்த உரிமை இல்லை என்று அதிபர் ஆணை போட்டபோது, கீழ் நீதிமன்றங்கள் அந்த வரியைக் காட்டித்தான் நிறுத்தி வைத்தன. என் பையனின் பாஸ்போர்ட்டுக்கு யார் யார் ரத்தம் சிந்தியிருக்கிறார்கள் என்று தெரியாமலே இத்தனை நாள் இருந்துவிட்டேன்.

மதுரை முத்து

தம்பி, இதை எழுத ஒரு மனசு வேண்டும். வாழ்த்துகள்.

ரிச்மண்ட் வள்ளி

எல்லோருக்கும் நன்றி. கட்டுரையை முடித்துவிட்டாள். இரண்டு பக்கம் கேட்டார்கள், ஐந்து பக்கம் ஆகிவிட்டது. தப்பியோடிய அடிமைகள் சட்டத்தின் 10 டாலர், 5 டாலரில் ஆரம்பித்து, காணாமல் போன தாயைத் தேடும் ஒரு விளம்பரத்தை அப்படியே எழுதி நிறுத்தியிருக்கிறாள். முடிவுரை எங்கே என்று கேட்டேன். "அந்தம்மா கிடைச்சாங்களான்னு தெரியலையே, எப்படி முடிக்கிறது?" என்றாள்.

சனிக்கிழமை இரண்டு பேரும் ஷாக்கோ பாட்டம் போனோம். நெடுஞ்சாலைப் பாலத்துக்குக் கீழே, ரயில் தண்டவாளத்தை ஒட்டிக் கொஞ்சம் புல், சில அறிவிப்புப் பலகைகள். அவ்வளவுதான் இருக்கிறது. அங்கிருந்து ஆற்றங்கரை வரை நடந்தோம். 1865 ஏப்ரல் 4 அன்று, ஊர் எரிந்து புகை அடங்குவதற்குள் லிங்கன் தன் சின்னப் பையன் டாட்டின் கையைப் பிடித்துக்கொண்டு இந்தக் கரையில்தான் இறங்கி நடந்தார். முந்தின நாள்வரை அடிமைகளாக இருந்தவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். பத்து நாளில் அவரைச் சுட்டுவிட்டார்கள்.

திரும்பும் வழியில் மான்யுமென்ட் அவென்யூ வழியாக வந்தோம். லீ சிலை நின்ற வட்டத்தில் பீடமும் இல்லை இப்போது. வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் கட்டுரையைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசல் நாற்காலியில் உட்கார்ந்து முழுக்கப் படித்திருக்கிறார். அந்த விளம்பரம் உள்ள பக்கத்தை மட்டும் இரண்டு முறை படித்தாராம். ஒன்றும் சொல்லவில்லை. இதை நான் வைத்துக்கொள்ளலாமா என்று மட்டும் கேட்டிருக்கிறார். நாளைக்கு இன்னொரு பிரதி அச்செடுத்துப் பள்ளிக்குக் கொடுக்க வேண்டும்.